மாகஸ்தோட்டை மேட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயம்

நேயர்களுக்கு வணக்கம். ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் சீசன். கொழும்பு ஆட்கள் பூ பார்க்க வருவார்கள், குதிரைப் பந்தயம் பார்க்க வருவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு சீசன் என்றால் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம்தான். 1934இல் தொடங்கியது. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் ரோட்டில் காரும் ஓடும், மோட்டார் சைக்கிளும் ஓடும். கார்களை நாங்கள் அவ்வளவாக மதிப்பதில்லை.

இந்தப் பந்தயத்தில் எல்லாரையும் ஒன்றாக விடமாட்டார்கள். ஒவ்வொருவராக மேலே அனுப்பி நேரம் குறிப்பார்கள். பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் மேன் தீவில் 1907 முதல் நடக்கும் டீ.டீ. (டூரிஸ்ட் ட்ரோஃபி) மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் கடிகாரத்தோடுதான் போட்டி. அங்கே ஒரு சுற்றே 60 கிலோமீற்றர். இங்கேயோ, வளைவுக்கு மேலே மேட்டில் நின்றால் ஒரு பைக் கண்ணில் படுவது சில விநாடிதான். மற்றதெல்லாம் காதுக்கு.

தொழிற்சாலையில் பிட்டராக இருந்த பெரியப்பாதான் எங்களைக் கூட்டிப்போவார். "டேய், சும்மா கத்தாத. கீழ எங்க கியர் மாத்துறான்னு கேளு" என்பார். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. ஒற்றைச் சிலிண்டர் பீ.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் அடிவயிற்றில் இடிக்கும். இரட்டைச் சிலிண்டர் டிரையம்ஃப் கொஞ்சம் வழவழப்பு. பிறகு வந்த ஜப்பான் டூ ஸ்ட்ரோக்குகள் கீச்சென்று அலறும். வேகம் என்னவோ அவற்றுக்குத்தான். எனக்கு இன்றைக்கும் கோல்ட் ஸ்டார்தான்.

கொழும்பில் நன்றாக ஓடிய வண்டி இங்கே வந்ததும் இருமும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். காற்று மெலிவு, எஞ்சின் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காற்றுக் குறைந்தால் பெற்றோலையும் குறைக்க வேண்டுமே! ஓர் ஓட்டக்காரர் சாக்கை விரித்து உட்கார்ந்து, பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்கைக் கழற்றினார். முனை கரி பிடித்திருந்தது. காற்றோடு பெற்றோலைக் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து, பெற்றோலை அளந்துவிடும் நெல்லளவு பித்தளை ஜெட் ஒன்றை எடுத்துவிட்டு, அதைவிடச் சின்னத் துளையுள்ளதைப் போட்டார். உதைத்தார். இருமல் போயே போய்விட்டது. பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவர் பாராட்டுவதே அப்படித்தான்.

அப்புறம் அந்த வாசனை. அந்தக் காலப் பந்தய எஞ்சின்களுக்கு ஆமணக்கு எண்ணெய் கலந்த ஒயில் ஊற்றுவார்கள். சூட்டிலும் வழுக்கும் தன்மை போகாது. பேதிக்கு அப்பாயி மூக்கைப் பிடித்துப் புகட்டிய அதே எண்ணெய்! வண்டியில் எரியும்போது மட்டும் எப்படித்தான் அத்தனை இனிப்பாக மணத்ததோ.

எங்கள் கூட்டத்தில் சறுக்கிக்கொண்டு போகிறவனுக்குத்தான் கைதட்டல் அதிகம். ஆனால் நேரத்தை வாசிக்கும்போது முந்தியிருப்பவன், சத்தமில்லாமல் வளைவை ஒரே கோடாக எடுத்துப் போனவனாகத்தான் பெரும்பாலும் இருப்பான்.

பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் முடிவுக்கோட்டில் கூட்டத்தோடு நிற்க வேண்டாம். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. வளைவுக்கு மேலே, ரோட்டை விட்டுத் தள்ளி மேட்டில் இடம் பிடியுங்கள். குடையும் கொண்டுபோங்கள், ஏப்ரல் மழை பின்னேரத்தில்தான் வரும்.