வெள்ளம் வருமுன் அணை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த வாசகசாலையைத் தம் வீட்டுத் திண்ணையில் தொடங்கி வளர்த்த பெரியவர் அவர்களே, வார்டு மெம்பர் சேச்சி அவர்களே, மழையையும் பார்க்காமல் மேனோன்பாறை, எருத்தேம்பதியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப்பகுதிதான் கெர்னல். அதன் ஸ்டேக்குகளை, அதாவது பாதியில் விட்ட வேலையைக் குறித்து வைக்கும் நினைவக இடங்களைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன். 64 பிட் எக்ஸ்86 கணினியில், அதாவது இன்டெல், ஏஎம்டி வகையில், ஓடும் வேலை ஒவ்வொன்றுக்கும், அதாவது த்ரெட்டுக்கும், 16 கிலோபைட் கெர்னல் ஸ்டேக். ஒவ்வொரு ப்ராசஸருக்கும் இன்டரப்டுக்கென்று, அதாவது கீபோர்டு போன்றவை நடுவில் அழைப்பதற்கென்று, தனி ஸ்டேக். மூன்றாவது, ஆபத்துக்கென்று எடுத்துவைத்த ஸ்டேக்குகள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக ஒரு சின்ன அடுப்பு, காய்ந்த விறகு, அரை மூட்டை அரிசி மூன்றையும் மாட்டுத் தொழுவத்தில் வைத்துவிடுவார். மாப்பிள்ளையின் அப்பாவே கேட்டாலும் தொட விடமாட்டார். “வெள்ளம் வருமுன் அணை போடணும்” என்பார். ஒரு ஆனி மாதக் கல்யாணம். விடியற்காலையில் பேய்மழை. பந்தல் சரிந்து, கோட்டை அடுப்பு அணைந்து, விறகெல்லாம் ஊறிப்போனது. பெண் வீட்டார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் தொழுவத்துக்குப் போனார். சோறும் ரசமும்தான், புளி பக்கத்து வீட்டு அம்மிணி கொடுத்தார். ஒருவரும் பசியோடு போகவில்லை.

ப்ராசஸருக்கும் இதே நிலைதான். எக்ஸெப்ஷன், அதாவது ஓடும் வேலையை நிறுத்தவேண்டிய சிக்கல் வந்தால், விட்ட இடத்தை ஸ்டேக்கில்தான் குறித்து வைக்கும்: எஸ்எஸ், ஆர்எஸ்பி, ஆர்ஃப்ளாக்ஸ், சிஎஸ், ஆர்ஐபி என்ற தன் ரெஜிஸ்டர்களில் இருப்பதை. அந்த ஸ்டேக்கே நிரம்பி வழிந்திருந்தால்? டபுள் ஃபால்ட், சிக்கலுக்குள் இன்னொரு சிக்கல். அதையும் எழுத இடமில்லையென்றால் ட்ரிபிள் ஃபால்ட். கணினி ரீசெட் ஆகிவிடும். அதற்காகத்தான் இன்டரப்ட் ஸ்டேக் டேபிள், ஆபத்து ஸ்டேக்குகளின் முகவரிப் பட்டியல். அதில் 7 முகவரிகளுக்கு இடம். டபுள் ஃபால்ட், என்எம்ஐ என்ற தடுக்க முடியாத இன்டரப்ட், மெஷின் செக் என்ற வன்பொருள் கோளாறு போன்றவற்றுக்கு லினக்ஸ் பூட் ஆகும்போதே தனித்தனி ஸ்டேக் ஒதுக்கிவிடுகிறது. பழைய ஸ்டேக் எந்தக் கதியில் இருந்தாலும் ப்ராசஸர் இதற்கு மாறிக்கொள்ளும். வெள்ளம் வருமுன் அணை!

சரி, இதைத் தமிழில் சொன்னதால் முன்வரிசைப் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்த பிள்ளை, அப்புறம் கணினி எடுத்தால் திகைத்து நிற்கிறது. நானும் நின்றேன், இன்டரப்ட் பாடத்தில் ஃபெயில் ஆனேன். அப்பாவின் அடுப்பைச் சொல்லி யாராவது விளக்கியிருந்தால் பாஸாகியிருப்பேன். பிள்ளைகள் ஃபெயிலான பிறகு வருத்தப்பட்டு என்ன பயன்? வெள்ளம் வருமுன் அணை போடுவோம். இந்த வாசகசாலையில் தமிழில் வந்த கணினிப் புத்தகங்களுக்கு ஒரு அலமாரி வேண்டும். அதை நான் வாங்கித் தருகிறேன். ஞாயிறுதோறும் வந்து பாடமும் எடுக்கிறேன். இடம் மட்டும் கமிட்டி ஒதுக்க வேண்டும். ஜன்னலோரம் வேண்டாம், அங்கே சாரல் அடிக்கிறது.