ரோஸ் நிறத் தாளில் வந்த பத்திரிகை

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் மூன்று பேரைப் பற்றி இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஒருவர் பத்திரிகைக்காரர், ஒருவர் கவிஞர், இன்னொருவர் பத்து வயதிலேயே ஒரு காரியத்தைக் கையில் எடுத்த சிறுமி. நான் நூலகத்தில் வேலை பார்த்தவள். எழுதியது அச்சாகிவிட்டால் மட்டும் போதாது, யாருக்காக எழுதினோமோ அவர்கள் கையில் அது போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பிடிவாதம் உண்டு. அந்தப் பிடிவாதத்தை இந்த மூன்று பேரிடமும் பார்க்கிறேன்.

முதலில் ஐடா பி. வெல்ஸ். 1862-ல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்ப்ரிங்ஸ் என்ற ஊரில், அடிமைகளாக இருந்த தாய் தந்தைக்குப் பிறந்தவர். 1878-ல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது தாய், தந்தை, கைக்குழந்தையாக இருந்த தம்பி மூவரையும் பறிகொடுத்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. மிச்சமிருந்த பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஐடா ஒத்துக்கொள்ளவில்லை. வயது கூடித் தெரிவதற்காகத் தன் உடுப்பைத் தழையத் தழைய நீளமாக்கிக்கொண்டு போய், கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை வேலை வாங்கிவிட்டார். தம்பி தங்கைகள் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

அப்புறம் மெம்ஃபிஸ் நகரம். அங்கே ரயிலில் பெண்களுக்கான பெட்டிக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவரை எழுந்து வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார் கண்டக்டர். மறுத்தார். கையைப் பிடித்து இழுத்தபோது அந்தக் கையைக் கடித்துவிட்டார்! மூன்று ஆண்கள் சேர்ந்துதான் அவரை அப்புறப்படுத்த முடிந்தது. வழக்குப் போட்டு, 1884 டிசம்பரில் ஜெயித்தார். 500 டாலர் நஷ்ட ஈடு. ஆனால் 1887-ல் டென்னசி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. இந்த 500 டாலரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ஆசிரியையாக இருந்துகொண்டே ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற பத்திரிகையில் பங்குதாரர் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று அதில் எழுதியதால் ஆசிரியை வேலை போயிற்று. சரி, பத்திரிகையே இனி பிழைப்பு என்று சந்தா சேர்க்க ஊர் ஊராகக் கிளம்பினார். அப்போதுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. அடிமை முறை ஒழிந்து முப்பது வருடம்கூட ஆகாத காலம், நிறையப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காசு கொடுத்து வாங்கி, படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கேட்பார்கள். டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பதை நாம் பார்த்ததில்லையா, அந்த மாதிரி. ரயிலில் பத்திரிகை விற்கும் ஆட்கள், இவர்கள் ‘ஃப்ரீ ஸ்பீச்’ கேட்டால் வேறு ஏதோ ஒரு பத்திரிகையைத் தலையில் கட்டிவிடுவார்கள். எழுத்து தெரியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஐடா என்ன செய்தார் தெரியுமா? தன் பத்திரிகையை ரோஸ் நிறத் தாளில் அச்சடிக்கத் தொடங்கினார். தாளின் நிறத்தைப் பார்த்தாலே போதும், இது நம் பத்திரிகை என்று யாரும் சொல்லிவிடலாம், ஏமாற்ற முடியாது. இதை நான் எத்தனை இடத்தில் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. படிக்கத் தெரியாதவரையும் தன் வாசகராக ஓர் ஆசிரியர் மதித்திருக்கிறார்! எந்த ஊர்ப் பத்திரிகையாக இருந்தால் என்ன, இதைவிடப் பெரிய மரியாதை வாசகருக்குக் கிடைக்குமா?

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ், அவரோடு மளிகைக்கடை நடத்திய இன்னும் இரண்டு பேர், மூவரையும் ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றது. எதிர்க்கடை வைத்திருந்த வெள்ளைக்காரரின் வியாபாரம் இவர்களால் படுத்துப்போனதுதான் பகைக்கு வேர். நமக்குப் பாதுகாப்பு இல்லாத ஊரில் இருக்க வேண்டாம், காசைச் சேர்த்துக்கொண்டு வெளியேறுங்கள் என்று ஐடா எழுதினார். மக்கள் ஓக்லஹோமா பக்கம் கிளம்பினார்கள். அங்கே போனால் பட்டினிதான் என்று வெள்ளையர் பத்திரிகைகள் பயமுறுத்தின. உடனே ஐடா ரயில் ஏறி ஓக்லஹோமாவுக்கே போய், மூன்று வாரம் சுற்றிப் பார்த்து, கண்ணால் கண்டதை எழுதினார்.

ஊரில் இருந்தவர்களோ காசை மிச்சம் பிடிக்க ட்ராமில் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரத்தில் ட்ராம் கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேர் ‘ஃப்ரீ ஸ்பீச்’ அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். கறுப்பின மக்கள் மின்சாரத்தைக் கண்டு பயப்படுகிறார்களாமே, நீங்கள் எடுத்துச் சொல்லக் கூடாதா என்று கேட்டார்கள். வந்தவர்களிடம் ஐடா, பயம் மின்சாரத்தைக் கண்டு இல்லை, மூன்று பேரைக் கொன்றதுதான் காரணம் என்றார். அவர்கள் போனதும் அந்த உரையாடலை அப்படியே எழுதிப் பத்திரிகையில் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரின் இரண்டு பெரிய தேவாலயங்களுக்குப் போய், இதை விட்டுவிடாதீர்கள் என்று நேரிலேயே பேசினார். எழுதியதோடு நிற்கவில்லை, கவனியுங்கள்.

மே மாதம் ஐடா வெளியூரில் இருந்தபோது கும்பல் அச்சகத்தை உடைத்து நொறுக்கிவிட்டது. திரும்பி வந்தால் உயிர் இருக்காது என்று மிரட்டல். நியூயார்க்கிலேயே தங்கி எழுதினார். அந்த அக்டோபரில் கறுப்பினப் பெண்கள் கூட்டம் போட்டு அவருக்காகப் பணம் திரட்டினார்கள், பேனா வடிவத்தில் ஒரு தங்க ப்ரூச்சும் குத்திவிட்டார்கள். திரண்ட பணம் எவ்வளவு தெரியுமா? 500 டாலர். நீதிமன்றம் பிடுங்கிய அதே தொகை! அதை வைத்துத்தான் கும்பல் கொலைகளைப் பற்றிய அவருடைய முதல் சிறுநூல் வந்தது. 1895-ல் வந்த ‘தி ரெட் ரெக்கார்ட்’ நூலில், வெள்ளையர் பத்திரிகைகளே வெளியிட்ட கணக்குகளை எடுத்து வாதாடினார், பொய் என்று யாரும் தட்டிக் கழிக்க முடியாதபடி. 1931-ல் இறந்தார். பத்திரிகைக்கும் இலக்கியத்துக்கும் அமெரிக்காவில் கொடுக்கிற பெரிய பரிசான புலிட்சரின் குழு அவருக்குச் சிறப்பு விருது அறிவித்தது 2020-ல், 89 வருடம் கழித்து. எனக்கு இதில் சந்தோஷமும் உண்டு, கோபமும் உண்டு.

புலிட்சர் என்றதும் க்வெண்டலின் ப்ரூக்ஸிடம் வந்துவிடுகிறேன். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1950-ல், கவிதைக்காக. சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்தவர், பதின்மூன்று வயதிலேயே கவிதை அச்சானவர். பரிசுச் செய்தி தொலைபேசியில் வந்த அந்தி நேரத்தில் அவர் வீட்டில் விளக்கு எரியவில்லை, பில் கட்டாததால் மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். இருட்டுக்குள்ளேயே மகனோடு ஆடினாராம். மறுநாள் புகைப்படக்காரர்கள் வந்து ப்ளக் பாயிண்ட்டில் வயரைச் செருகும்போது அவருக்கு ஒரே படபடப்பு. விளக்கு எரிந்தது! யாரோ சத்தமில்லாமல் பில்லைக் கட்டியிருந்தார்கள்.

பரிசு வந்த பிறகு அவர் போன திசைதான் எனக்கு முக்கியம். பெரிய பதிப்பகத்தை விட்டுவிட்டு, டெட்ராய்ட்டில் ஒரு கறுப்பினக் கவிஞர் நடத்திய சின்னப் பதிப்பகத்துக்குத் தன் நூல்களைக் கொடுத்தார். தெருக் கும்பலில் இருந்த இளைஞர்களைக் கூட்டி வைத்துக் கவிதைப் பட்டறை நடத்தினார். 1968 முதல் 2000-ல் இறக்கும்வரை இல்லினாய் மாநிலத்தின் அரசவைக் கவிஞர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதைப் போட்டி வைத்து, பரிசுப் பணத்தைத் தன் கைக்காசிலிருந்தே கொடுத்தார்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். மார்லி டியாஸைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சிச் சிறுமி. பள்ளியில் படிக்கக் கொடுத்த கதைகளில் எல்லாம் வெள்ளைக்காரப் பையன்களும் அவர்களுடைய நாய்களுமாகவே இருப்பதாக அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள். சரி, நீ என்ன செய்யப்போகிறாய் என்று அம்மா கேட்டார். கறுப்பினச் சிறுமி கதாநாயகியாக வரும் ஆயிரம் புத்தகங்களைச் சேர்க்கிறேன் என்று 2015-ன் கடைசியில் தொடங்கினாள். சில மாதங்களில் குவிந்தது ஒன்பதாயிரம். முதலில் அனுப்பியது ஜமைக்காவில், அம்மா வளர்ந்த பகுதிப் பள்ளிக்கு. வந்த தலைப்புகளை ஒரு பட்டியலாகவும் போட்டு வைத்தார்கள். ஆயிரம் புத்தகத்தைக் கையால் கொடுக்க முடியாத இடத்தில்கூட ஒரு பிள்ளை அந்தப் பட்டியலைக் கொண்டுபோய், இந்தப் புத்தகம் வேண்டும் என்று நூலகரிடம் பேர் சொல்லிக் கேட்கலாம். நேயர்களே, நன்றி, வணக்கம்.