முன்பாரம், பின்பாரம், தண்ணீர்ப்பாரம்

நேயர்களுக்கு வணக்கம். குலதெய்வக் கோயிலுக்கோ பழனிக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி பிடித்துப் போகிற வீடுகளில், புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஒரு பட்டியல் எழுதுவார்கள். அரிசி எத்தனை கிலோ, பருப்பு எத்தனை கிலோ, அண்டா எத்தனை, ஜமுக்காளம் எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். தண்ணீர் மட்டும் கடைசி வரியில் எடையில்லாமல் நிற்கும். பல வீடுகளில் அந்த வரியும் இருக்காது. ஆனால் அந்த வண்டியில் ஏறப்போகும் சாமான்களில் பெரும்பாலும் அதுதான் மிகக் கனமானது. வாகனப் பொறியியல் கற்பித்தும், வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளோடு பழகியும் காலம் கழித்தவன் என்ற முறையில், நெடுநாளாக நான் சொல்லிவரும் ஒன்றை இன்று உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இந்த உரை முடிவதற்குள் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபது லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். ஆனால் அதே கேனை வண்டியில் ஏற்றிய பிறகு, கை உணர்ந்த கனத்தை மனம் மறந்துவிடுகிறது. பத்துக் கேன் ஏற்றினால் இருநூறு கிலோ, அதாவது நல்ல வாட்டசாட்டமான மூன்று பேர். மூன்று பேர் கூடுதலாக ஏறுகிறார்கள் என்றால் ஓட்டுநர் முகம் சுளிப்பார். பத்துக் கேன் ஏறும்போது அவரே கை கொடுத்து ஏற்றுவார்.

கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இப்போது கேரளத்தில் 2021ஆம் ஆண்டு அரசே கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்த பிறகு, குடும்பத்தோடு தங்கிப் பயணம் செய்யும் வண்டிகளைப் பற்றி நம் பக்கத்திலும் விசாரிக்கிறார்கள். அமெரிக்காவில் இது பழைய வழக்கம். அங்கே காருக்கோ பிக்கப் வண்டிக்கோ பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டை டிராவல் டிரெய்லர் என்பார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும். அந்த வீட்டின் வாசலருகே மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை ஒட்டியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இந்த வண்டியில் இத்தனை கிலோவுக்கு மேல் சாமான் ஏற்றக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதன் கீழேயே, தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தால் அது இத்தனை கிலோச் சாமானுக்குச் சமம் என்ற எச்சரிக்கையும் இருக்கும். வண்டியின் கொள்ளளவைச் சொல்லும் இடத்திலேயே தண்ணீரின் எடையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்களே, அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே பல டிரெய்லர்களில் இருக்கும் நாற்பது காலன் தொட்டி நம் கணக்கில் ஏறத்தாழ நூற்றைம்பது லிட்டர்; அதாவது நூற்றைம்பது கிலோ.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டிக்குள் குளித்து, பாத்திரம் கழுவிச் செலவழித்த தண்ணீர் எங்கேயும் போய்விடுவதில்லை. அது கழிவுநீர்த் தொட்டியில் போய்ச் சேர்கிறது. முன்னால் இருந்த தொட்டி காலியாகிப் பின்னால் இருக்கும் தொட்டி நிறைந்தால், எடை குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. புறப்படும்போது ஒழுங்காக நின்ற வண்டி திரும்பும்போது ஆடுகிறதே என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். முன்பாரம், பின்பாரம் என்று அவர்கள் உடனே சொல்வார்கள். நெல் மூட்டையோ வைக்கோலோ ஏற்றும்போது, நுகத்தடி மாட்டின் கழுத்தில் லேசாக அமர்ந்திருக்கும்படி கொஞ்சம் முன்பாரமாகவே ஏற்றுவார்கள். பின்பாரம் ஆகிவிட்டால் நுகம் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், ஏற்றத்தில் வண்டி குடை சாய்ந்துகூடப் போகும். முன்பாரம் அதிகமானால் மாடு தலை தூக்க முடியாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லருக்கும் விதி இதுவேதான். அதன் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இணைப்புக் கொக்கியின் மேல் அமர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறைந்து, எடை அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், வேகம் எடுத்ததும் டிரெய்லர் பாம்புபோல் இடமும் வலமும் அலையத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒருமுறை தொடங்கிவிட்டால், இழுக்கும் காரையும் சேர்த்துச் சாலையிலிருந்து தள்ளிவிடக்கூடும். ஆகவே தண்ணீரை அச்சுக்கு அருகிலும் தரையோடு தாழ்வாகவும் வைக்க வேண்டும். ராமநாதபுரம், சாயல்குடிப் பக்கம் பெண்கள் தண்ணீர் எடுத்துவரும் தள்ளுவண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். குடங்களைச் சட்டத்துக்குள் அமர்த்தி, சக்கரங்களை ஒட்டித் தாழ்வாக வைத்திருப்பார்கள். எட்டுக் குடம் தண்ணீரை ஒரே ஆள் மணல் பாதையில் தள்ளிக்கொண்டு போக முடிவதற்குக் காரணம் அந்த அமைப்புதான். நான் வகுப்பில் அச்சுப்பாரம் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த வண்டியைத்தான் சொல்வது வழக்கம்.

இப்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாசி மாதத்தில் சிவராத்திரிக்கு எங்கள் உறவினர் குடும்பங்கள் சில சேர்ந்து கமுதிக்குத் தெற்கே இருக்கும் தங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். பெரியவர், சிறியவர் என்று நாற்பது பேர் போல இருப்பார்கள். ஆட்களுக்கு இரண்டு வேன். சாமான்களுக்கு, நம் பக்கம் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று. கோயில் இருக்கும் இடம் கரிசல் காடு. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் ஐந்நூறு லிட்டர் கறுப்புத் தொட்டி ஒன்றை லோடு வண்டியில் பின்கதவை ஒட்டி நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சாமான்களும் ஏறிவிட்டன. குழாயைத் தொட்டிக்குள் விடும் நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் பிடிப்பதற்கு முன் ஒருமுறை எடை மேடைக்குப் போய்வருவோம் என்றேன். அந்த வீட்டுப் பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, குடிக்கிற தண்ணிக்குக்கூடவா எடை போடுவாக?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. தண்ணீரை யாரும் எடை போட்டு வாங்குவதில்லை.

அருப்புக்கோட்டைச் சாலையில் இருந்த ஓர் எடை மேடையில் வண்டியை ஏற்றினோம். ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும்: ஒன்று வண்டியின் வெற்று எடை, மற்றொன்று ஏற்றிய பின் தாண்டக்கூடாத மொத்த எடை. அந்த வண்டிக்கு இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஏறத்தாழ எழுநூறு கிலோ. எடைச் சீட்டைக் கையில் வாங்கிக் கழித்துப் பார்த்தால், தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே நானூற்று முப்பது கிலோ ஏறியிருந்தது. அரிசி மூட்டைகள், வெண்கல அண்டாக்கள், இரும்பு அடுப்பு, சாமியானாக் கம்பிகள், நிறைந்த நிலையில் ஒவ்வொன்றும் முப்பது கிலோ இருக்கும் எரிவாயு உருளைகள், அவற்றோடு ஓட்டுநரும் அவருக்கு உதவியாக வந்த பையனும். ஓட்டுநரின் எடையும் சுமைக் கணக்கில் சேரும் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மீதி இருந்தது இருநூற்று எழுபது கிலோ. பிடிக்க நினைத்ததோ ஐந்நூறு லிட்டர், அதாவது ஐந்நூறு கிலோ. அதுவும் பின் அச்சுக்கும் பின்னால்.

பாதித் தொட்டி மட்டும் பிடித்துக்கொள்ளலாமே என்று ஓட்டுநர் சொன்னார். எடைக்கு அது சரிதான். ஆனால் பாதி நிறைந்த தொட்டி ஒரு தனித் தொல்லை. பிரேக் போட்டால் தண்ணீர் முழுவதும் முன்னே பாயும், வளைவில் வெளிப்பக்கம் ஒதுங்கும், வண்டி நேரான பிறகும் அது உள்ளே அலைந்துகொண்டிருக்கும். தண்ணீர் லாரிகளின் தொட்டிக்குள் குறுக்கே தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான். வீட்டு மாடியில் வைக்கிற தொட்டியில் அவை இல்லை. எனவே தொட்டியை இறக்கி வைத்துவிட்டு, இருபது லிட்டர் கேன்கள் பன்னிரண்டை ஓட்டுநர் கூண்டின் முதுகை ஒட்டித் தரையில் நெருக்கமாக அடுக்கிக் கட்டினோம். நிறைந்த கேனில் தண்ணீர் அலையாது. குடிக்கவும் சமைக்கவும் அது போதுமாக இருந்தது. கை கால் கழுவவும் குளிக்கவும் கோயிலடிக்கே டிராக்டரில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கமுதியிலிருந்து தொலைபேசியில் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பெரியம்மா புறப்படும்போது எடைச் சீட்டை என்னிடம் கேட்டு வாங்கி, சாமான் பட்டியலோடு சேர்த்து மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தார் இன்றும் தண்ணீரைப் பட்டியலின் முதல் வரியில், கிலோக் கணக்கில் எழுதுகிறார்கள்.

கூடுதல் பாரம் ஏற்றினால் சட்டமும் குறுக்கே வரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டு செய்த திருத்தத்தின்படி அபராதம் இருபதாயிரம் ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் இரண்டாயிரம். ஆனால் எனக்கு அபராதத்தைவிட மலைப்பாதையைப் பற்றித்தான் கவலை. மதுரையிலிருந்து எந்த மலைக்குப் போனாலும், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறினாலும், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுப் பாதையில் ஏறினாலும், ஏறியதை இறங்கித்தான் ஆக வேண்டும். இறக்கத்தில் வண்டியின் ஒவ்வொரு கிலோவையும் பிரேக்தான் தாங்குகிறது; எடை கூடக் கூடப் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று நம் ஓட்டுநர்கள் சொல்வது மிகச் சரியான அறிவுரை.

காரின் கூரைமேல் கேரியர் போட்டுத் தண்ணீர் கேன் கட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பெரும்பாலான கார்களின் கூரைக்கு அனுமதித்த எடை ஐம்பது முதல் எழுபத்தைந்து கிலோ வரைதான், கேரியரின் எடையையும் சேர்த்து. காரோடு வந்த கையேட்டில் அது எழுதியிருக்கும். நான்கு கேன் வைத்தால் எண்பது கிலோ, அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே. ஒவ்வொரு வளைவிலும் அந்த எடை வண்டியை வெளிப்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். டிக்கியில் வைக்க இடமில்லை என்றால் பெட்டி படுக்கைகளை மேலே ஏற்றுங்கள், தண்ணீரைக் கீழே இறக்குங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவே இல்லை.

அப்படியானால் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்பீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குடிப்பதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வையுங்கள். சமையலுக்கு இரண்டு மூன்று லிட்டர். குளிக்க ஒரு வாளி என்றால் பதினைந்து லிட்டர். ஆறு பேர் இரண்டு நாள் தங்கினால் குடிக்கவும் சமைக்கவும் எண்பது லிட்டர் சொச்சம்; குளிக்க மட்டும் நூற்றெண்பது லிட்டர். கனமெல்லாம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாயில் படுகிற தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டு போங்கள், உடம்பில் ஊற்றுகிற தண்ணீரைப் போன இடத்தில் தேடிக்கொள்ளுங்கள். வாழை இலையில் சாப்பிட்டால் தட்டுக் கழுவும் தண்ணீர் மிச்சம். அரிசி களைந்த கழுநீரில் அண்டாவை முதல் கழுவல் கழுவலாம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து வானொலி நிலையத்தார் நேரம் முடிகிறது என்று சைகை செய்கிறார்கள். டயர்களைப் பற்றியும் தொட்டியைச் சுத்தமாக வைப்பது பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரம் ஏற்றுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைச் சரிபாருங்கள். காற்றுக் குறைந்த டயரில் கூடுதல் எடை ஏறினால் அது வெயில் சாலையில் சூடாகி வெடிக்கும். முன்பு ரசாயனம் இருந்த நீல டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீருக்குப் பயன்படுத்தாதீர்கள், கேன்களை வெயில் படாமல் கெட்டித் துணியால் மூடி வையுங்கள். வணக்கம்.