ஒரு போட்டோவால் வந்த கோபம்

நேயர்களுக்கு வணக்கம். பிரேசில் இடதுசாரி என்றதும் லூலாவின் முகம்தான் நமக்கு ஞாபகம் வரும். நான் பேச வந்தது, லூலா எடுத்துக்கொண்ட ஒரு போட்டோவைப் பார்த்துவிட்டுத் தேர்தலிலிருந்தே விலகிய அம்மையாரைப் பற்றி. பெயர் லுயிசா எருந்தினா.

2012 ஜூன். சாவோ பாவ்லோ மேயர் தேர்தலில் லூலாவின் தொழிலாளர் கட்சி ஹதாத்தை நிறுத்தியது. கூட்டணிக் கட்சியிலிருந்து எருந்தினா துணை மேயர் வேட்பாளர். அறிவித்து நாலு நாள்கூட ஆகவில்லை. லூலா, வலதுசாரி அரசியல்வாதி பாவ்லோ மலூஃபின் வீட்டுத் தோட்டத்தில் அவரோடு கைகுலுக்கினார். மலூஃபின் கட்சி கூட்டணிக்கு வந்தால் தொலைக்காட்சிப் பிரசாரத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு. மறுநாளே எருந்தினா "நான் இல்லை" என்று ஒதுங்கிவிட்டார்.

அப்படி என்ன பகை? 1969-இல் ராணுவ ஆட்சி சாவோ பாவ்லோவுக்கு நியமித்த மேயர் இந்த மலூஃப். எருந்தினாவோ வறண்ட வடகிழக்கில், பராயிபா மாநிலத்து உயிராவுனாவில் 1934-இல் பிறந்தவர். 1971-இல் பிழைப்புக்காக சாவோ பாவ்லோ வந்து, குடிசைப் பகுதிகளில் சமூகப் பணியாளராக அலைந்தவர். வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் என்றாலே அந்த நகரத்தில் ஓர் இளக்காரம் உண்டு. 1988-இல் அவர் லூலாவின் தொழிலாளர் கட்சியில்தான் இருந்தார். மேயர் வேட்பாளராகக் கட்சித் தலைமைக்கே வேறொருவர்மீதுதான் விருப்பம். உட்கட்சித் தேர்தலில் அவரை வென்று, அப்புறம் பொதுத் தேர்தலில் மலூஃபையும் வீழ்த்தி, அந்த நகரின் முதல் பெண் மேயரானார்.

கல்வித் துறையை, பெயர்பெற்ற கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயிடம் கொடுத்தார். பேருந்துக் கட்டணமே வேண்டாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். மாமன்றத்தில் பெரும்பான்மை இல்லை, நடக்கவில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அதே நகரத்தின் பெருஸ் மயானம். 1990 செப்டம்பர் 4-ஆம் தேதி அங்கே ஒரு ரகசியப் புதைகுழியைத் தோண்டினார்கள். பிளாஸ்டிக் பைகளில் கட்டிய எலும்புகள். எண்ணிப் பார்த்தால் 1,049 பை. பெயர் தெரியாத ஏழைகளோடு சேர்த்து, ராணுவ ஆட்சி கொன்ற அரசியல் கைதிகளையும் போட்டிருந்தார்கள். எருந்தினா விஷயத்தை மூடி மறைக்காமல், அடையாளம் காண எலும்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அந்த மயானம் 1971-இல் திறக்கப்பட்டபோது மேயராக இருந்தவர் யார் தெரியுமா? மலூஃப்தான்.

இதெல்லாம் தெரிந்தால் அந்த போட்டோ ஏன் உறுத்தியது என்பது புரியும். ஹதாத் அந்தத் தேர்தலில் ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லூலாவின் கணக்கு பொய்க்கவில்லை.

எருந்தினாவும் ஒரே கட்சியில் இருந்தவர் அல்ல. 1993-இல் அப்போதைய அதிபர் இத்தமார் ஃபிராங்கோவின் அமைச்சரவையில் சேர்ந்ததற்காகச் சொந்தக் கட்சியான தொழிலாளர் கட்சியே இடைநீக்கம் செய்தது. 1997-இல் வெளியேறி சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், 2016-இல் பிசோல் என்ற இன்னொரு இடதுசாரிக் கட்சிக்குப் போனார். 1999 முதல் நாடாளுமன்ற உறுப்பினர்.

2020 கொரோனா காலம், வயது 85. பிசோலின் மேயர் வேட்பாளர் போலோஸுடன் மறுபடி துணை மேயர் வேட்பாளர். வீட்டில் இருங்கள் என்றால் கேட்கிற ஆளா? வண்டியின் மேல் கண்ணாடிபோல ஒரு கூண்டு கட்டி, அதற்குள் நின்று கையசைத்தபடி தெருத்தெருவாகப் போனார். தோற்றார்கள். இரண்டு வருடம் கழித்து, 87 வயதில், மறுபடி நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்.