முன்சக்கரப் பக்கம் கேட்கும் சத்தம்

வணக்கம் நேயர்களே. காரின் முன்பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, ‘எப்போது வருகிறது?’ என்றுதான். பதில் என்னவோ ‘இடது சக்கரத்தில்’ என்றுதான் வரும்! எங்கே என்று நான் கேட்கவே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் இடத்தைச் சொல்லத்தான் தோன்றுகிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பக்கத்து சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு, பாகத்தோடு பாகமாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. இடது பக்கம் பிறந்த ஒரு ‘டொக்’ பாடி வழியாகப் பயணித்து வலது காலடியில் கேட்கும். அதனால் இடத்தைப் பற்றிக் காது சொல்வதை முழுதாக நம்ப முடியாது. நேரத்தைப் பற்றிச் சொன்னால் நம்பலாம். பள்ளத்திலா, பிரேக் பிடிக்கும்போதா, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதா, காலையில் வண்டியை எடுத்தவுடனா? எப்போது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முன்சக்கரத்தைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழே கிடைமட்டமாக ஒரு கை போல இருப்பது லோயர் ஆர்ம். அதன் உள்பக்கம் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் புஷ்கள், வெளிப்பக்கம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் உருண்டை இணைப்பு, அதாவது பால் ஜாயின்ட். மேலே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த மெக்ஃபர்சன் கொடுத்த அமைப்பு இது. 1950-களில் ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் வந்தது. இன்றைக்குப் பெரும்பாலான சிறிய கார்களில் இதுதான். அந்த ஸ்ட்ரட்டின் உச்சியில் ஒரு ரப்பர் மவுண்ட், அதோடு ஒரு பேரிங். அப்புறம் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் வளைந்த கம்பி, ஸ்டெபிலைசர் பார். அதன் இரு முனையிலும் அதைச் சக்கரப் பக்கத்து சஸ்பென்ஷனோடு சேர்க்கும் ஒரு லிங்க் ராட். இவ்வளவுதான். சத்தம் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும், அல்லது இவற்றுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றில் இருக்கும். அந்த இரண்டாவது வகைக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

முதலில் பள்ளம். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. சாலையின் முழு அகலத்துக்கும் இருக்கும் வேகத்தடையில் நேராக, மெதுவாக ஏறி இறங்குங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படாது; சும்மா சேர்ந்து சுழலும். அடுத்து, ஒரு சக்கரம் மட்டும் இறங்கும் சின்னப் பள்ளத்தில் ஓட்டுங்கள். இப்போது ஒரு முனை கீழே போகிறது, மறுமுனை அப்படியே இருக்கிறது, பார் முறுக்கப்படுகிறது, முழு விசையும் லிங்க் ராட் வழியாகப் போகிறது. ஒரு சக்கரம் இறங்கும்போது மட்டும் ‘கடக் கடக்’ என்று கேட்டால் முதல் சந்தேகம் லிங்க் ராட் மேல்தான் வர வேண்டும். குறைந்த வேகத்தில், கரடுமுரடான சாலையில், லொடலொடவென்று கேட்பது இதன் வழக்கமான குரல். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போதும் ‘டொம்’ என்று வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ் என்று மேற்கொண்டு தேடலாம்.

லிங்க் ராடைப் பற்றி இன்னொன்று. ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு அதை ஆட்டிப் பார்ப்பார்கள். கெட்டியாக இருக்கும், ‘இது நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். ஒரு சக்கரம் தொங்கும்போது பார் முறுக்கேறி லிங்க் ராடை இழுத்துப் பிடித்திருக்கும். தேய்மானம் இருந்தாலும் கையில் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில் சமமாக நிற்கும்போது ஆட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது பிரேக். சஸ்பென்ஷனுக்குச் சம்பந்தமே இல்லாத அந்த இரண்டாவது வகை இங்கேதான் வருகிறது. இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். என் உறவினர் ஒருவரின் காரில் மோசமான சாலையில் போனால் முன்பக்கம் ‘கட கட கட’ என்று ஓயாத சத்தம். ஒரு பட்டறையில் லிங்க் ராட் மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள், போகவில்லை. அப்புறம் லோயர் ஆர்ம் இரண்டும் புதிது. அப்போதும் அதே சத்தம். ‘அடுத்தது ஸ்டீயரிங் ராக்’ என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் வண்டியையே விற்றுவிடலாமா என்ற நிலைக்கு வந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டச் சொன்னேன். சத்தம் வந்தது. ‘இப்போது பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள், வேகம் குறைய வேண்டாம், சும்மா தொட்டால் போதும்’ என்றேன். தொட்டார். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. காலை எடுத்தார், மறுபடி ‘கட கட.’ திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம், ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

‘இந்தச் சத்தம் எப்போது ஆரம்பித்தது?’ என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ‘பிரேக் பேட் மாற்றின பிறகுதான்’ என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். பிரேக் பேட் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் மெல்லிய தகட்டு கிளிப்புகள் ஒரு பக்கம் இல்லவே இல்லை. பழைய பேடோடு அவற்றையும் எடுத்தவர்கள் திரும்பப் போடவில்லை. புதுக் கிளிப்புகள் மாட்டியதும் சரியாகிவிட்டது. இதில் எனக்கு வருத்தமெல்லாம் என்னவென்றால், இத்தனை பாகம் மாற்றிய இடத்தில் ஒருவர்கூட எப்போது ஆரம்பித்தது என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி! பள்ளத்தில் சத்தம் வந்து, பிரேக்கைத் தொட்டவுடன் நின்றால், முதலில் பிரேக் பேடையும், அதை அழுத்தும் காலிப்பரையும் பாருங்கள். காலிப்பர் நகரும் பின்கள் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இதற்கு நேர்மாறாக, பிரேக்கை அழுத்தும் அந்தக் கணத்தில் ஒரே ஒரு ‘டொக்’, அப்புறம் ரிவர்ஸில் கிளம்பிப் பிரேக் போட்டால் இன்னொரு ‘டொக்’ என்று வந்தால், லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, கியரை மாற்றும்போது மட்டும் ‘டொக்’ வந்தால் அது பெரும்பாலும் எஞ்சினைத் தாங்கும் எஞ்சின் மவுண்ட். முதலில் அதைப் பாருங்கள், சஸ்பென்ஷனை அல்ல.

அடுத்து ‘கீச்’ சத்தம். மழை பெய்தால் நின்றுபோய், காய்ந்ததும் திரும்பும் கீச்சொலி கிட்டத்தட்ட எப்போதும் ரப்பருடையது. ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, நனைத்தபின் முன்பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பாருங்கள். எதை நனைத்தபோது சத்தம் நின்றதோ, அதுதான் ஆள். தண்ணீர்தான், எஞ்சின் ஆயிலும் கிரீஸும் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, மெத்தென்று ஆகிவிடும். இரண்டு நாள் அமைதி கிடைக்கும், அப்புறம் புஷ்ஷே போய்விடும்.

புஷ் மாற்றுவதிலும் ஒன்று இருக்கிறது. இதை நான் போகுமிடமெல்லாம் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடு ஒட்டப்பட்டது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நின்றவுடன் ரப்பர் ஏற்கெனவே முறுக்கிய நிலையிலேயே இருக்கும். இரவு பகல் அப்படியே. சீக்கிரம் கிழியும், அதற்கு முன்பே கீச்சிடும். ஆகவே போல்ட்டை லேசாக மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. மறுபடி சொல்கிறேன், எடை இறங்கிய பிறகு. புதுப் பாகம் போட்ட கொஞ்ச நாளிலேயே சத்தம் திரும்பினால், பாகம் மட்டம் என்று திட்டுவதற்கு முன்னால் எப்படி இறுக்கினார்கள் என்று கேளுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஸ்டீயரிங் சத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் இறுகியிருக்கும். ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்று உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முழுதாகத் திருப்பி ஓட்டும்போது ‘டக் டக் டக்’ என்று சக்கர வேகத்தோடு கூடினால் அது எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் ஜாயின்ட்.

பால் ஜாயின்டுக்கு விரிவாக நேரம் ஒதுக்க நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எந்தச் சத்தத்தையும் தள்ளிப்போடாதீர்கள், தேய்ந்த பால் ஜாயின்டோடு மட்டும் ஓட்டவே கூடாது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் அப்படியே சாய்ந்துவிடும். ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்து, லோயர் ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் இடையில் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.