எந்த உச்சத்தில் விடைபெறுவது?

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

விளையாட்டு வீரருக்கு அழகு உச்சத்தில் விடைபெறுவதா, உடல் ஒத்துழைக்கும்வரை ஆடுவதா? இதுதான் இன்றைய தலைப்பு. நான் இரண்டாவது அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஜமைக்காவின் தடை ஓட்ட வீராங்கனை பிரிஜிட் ஃபாஸ்டர்-ஹில்டனைக் காட்டினார். 2009-ல் பெர்லினில் உலகத் தங்கம் வாங்கியவர், அத்தோடு நிற்காமல் 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் ஓடி, முதல் சுற்றிலேயே தடையில் இடித்து வெளியேறினார். தங்கத்தோடு போயிருந்தால் எவ்வளவு கௌரவம் என்று கேட்டார். நல்ல கேள்விதான். அதே பெண்ணை வைத்தே பதில் சொல்கிறேன்.

உச்சம் என்கிறீர்களே, அவருடைய உச்சம் எது? 2003 மே மாதம் அமெரிக்காவின் யூஜீன் நகரில் 100 மீட்டர் தடை ஓட்டத்தை 12.45 விநாடியில் முடித்தார். வாழ்நாளில் அதைவிட வேகமாக அவர் ஓடியதே இல்லை. வயது 28. அதே வருடம் பாரிஸ் உலகப் போட்டியில் வெள்ளி. கடிகாரத்தை மட்டும் நம்புகிறவர் அன்றைக்கே மாலை போட்டு வழியனுப்பியிருப்பார். 2005-ல் ஹெல்சிங்கியில் வெண்கலம். 2006-ல் மெல்பர்னில் காமன்வெல்த் தங்கம். சரி, தங்கமும் வந்துவிட்டது, அப்போது கிளம்பியிருக்க வேண்டுமா?

அப்புறம் 2008, பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதி ஓட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். வெள்ளி 12.64. வெண்கலமும் 12.64. அடுத்த இருவரும் 12.65. ஆறாவதாக வந்த பிரிஜிட் 12.66. வெள்ளிக்கும் அவருக்கும் இடையில் 0.02 விநாடி. அந்த வேகத்தில் அது ஒரு சாண்கூட இல்லை! ஒரு சாணுக்குள் ஐந்து பெண்கள் கோட்டைத் தாண்டுகிறார்கள், மூன்று பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். சிட்னி, ஏதென்ஸ், பெய்ஜிங் என்று மூன்று ஒலிம்பிக் போய் ஒரு பதக்கம்கூட இல்லை. 34-ஐ நெருங்கும் வயது. போதும், விலகிவிடலாம் என்று நினைத்தார். பயிற்சியாளர் ஸ்டீஃபன் பிரான்சிஸ் விடவில்லை. உலகப் புகழ்பெற்ற 100 மீட்டர் ஓட்டக்காரர்களான அசஃபா பவலையும் ஷெல்லி-ஆன் ஃபிரேசரையும் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனிலேயே வளர்த்தெடுத்த மனிதர். இன்னும் ஓடலாம் என்று பேசிப் பேசி இருக்க வைத்தார்.

ஏன் அப்படிச் சொன்னார்? இந்த ஓட்டத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் 83.8 சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய இடுப்பளவு. ஒரு தடைக்கும் அடுத்ததற்கும் நடுவில் எட்டரை மீட்டர். அதற்குள் மூன்றே காலடி வைக்கலாம். இரண்டு போதாது, நான்கு வைத்தால் தடையைத் தாண்டும் கால் மாறிவிடும். ஆகவே காலடியை நீட்டி யாரையும் முந்த முடியாது. முன்கால் தடைக்கு அந்தப்பக்கம் எவ்வளவு சீக்கிரம் தரையைத் தொடுகிறது, பின்கால் எவ்வளவு ஒட்டினாற்போல் மடங்கி வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அது வருடக்கணக்கில் உடம்பில் ஊறுகிற தாளம். வயது கொஞ்சம் வேகத்தை எடுத்துக்கொள்ளும், ஊறிய தாளத்தை அவ்வளவு எளிதில் எடுத்துவிடாது.

2009 ஆகஸ்ட் 19, பெர்லின். 16-ஆம் தேதி உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். 20-ஆம் தேதி 200 மீட்டரை 19.19-ல். அந்த இரண்டு உலக சாதனைகளுக்கும் நடுவில் ஒரு புதன்கிழமை, 34 வயதில், பிரிஜிட் 12.51 விநாடியில் உலக சாம்பியன். இந்த ஓட்டத்தில் ஜமைக்காவுக்குக் கிடைத்த முதல் உலகத் தங்கம் அது. ஆறு வருடம் முன்னால் ஓடிய 12.45-ஐவிட இது மெதுவான ஓட்டம், கவனியுங்கள். அன்றைக்கு வெண்கலம் வாங்கியவரும் ஜமைக்காக்காரர், டெலோரீன் எனிஸ்-லண்டன். அவருக்கும் வயது 34. எதிரணியின் கணக்குப்படி இரண்டு பேருமே வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்திருக்க வேண்டும்.

இனி லண்டன் ஒலிம்பிக்குக்கு வருகிறேன், மழுப்பவில்லை. 37 வயதில் ஜமைக்கா அணியில் இடம்பிடித்துப் போனார், தடையில் இடித்தார், முடிந்தது. எனக்கும் வலிக்கிறது. ஆனால் பெர்லினுக்கு முன்னால் அவர் எடுத்த முடிவும் லண்டனுக்கு முன்னால் எடுத்த முடிவும் ஒன்றேதான்: நாளைக் காலையும் பயிற்சிக்குப் போவது. விளைவு தெரிந்த பிறகு, இது சரி, அது தப்பு என்று பிரிப்பது நமக்குச் சுலபம். தொடக்கக் கோட்டில் குனிந்து நிற்கிறவருக்கு அந்த வசதி கிடையாது.

நடுவர் அவர்களே, எதிரணியின் யோசனையை பெய்ஜிங் முடிந்த அன்றே அவர் கேட்டிருந்தால், பெர்லினில் தங்கம் கனடாவின் பிரிசில்லா லோப்ஸ்-ஷ்லீப்புக்குப் போயிருக்கும். 12.54-ல் இரண்டாவதாக வந்தவர் அவர்தான். தீர்ப்புச் சொல்லும்போது இதையும் மனத்தில் வையுங்கள். நன்றி, வணக்கம்.