ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸ் திருகாணியைக் கடைசியில்தான் தொட வேண்டும்

[காட்சி: ஸ்டியரிங் வீலின் விளிம்பில் ஒட்டிய டேப், பக்கத்தில் ஸ்கேல்]

நேர் ரோட்டிலேயே பழைய கார் இடமும் வலமும் அலைகிறது, வீலைத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால், பெரும்பாலானோரின் கை முதலில் போவது ஸ்டியரிங் பாக்ஸ் (வீலின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டி) மேல் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் திருகாணிக்குத்தான். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

முதலில் ஆட்டத்தை, அதாவது டயர் அசையாமல் வீல் மட்டும் சும்மா திரும்பும் அளவை, அளந்துவிடலாம். சக்கரங்கள் நேராக, தரையில் இருக்கட்டும். டயர் அசையத் தொடங்கும்வரை வீலை இரு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். பாக்ஸ் வகை ஸ்டியரிங்கில் விளிம்பில் 25 மி.மீ. வரை இருந்தால் பரவாயில்லை. 50-ஐத் தாண்டினால் எங்கோ தேய்ந்திருக்கிறது.

தேய்மானம் சிறிதாக இருந்தாலும் கையில் பெரிதாகத்தான் தெரியும். டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வந்து சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளை அசைக்கும் கை) 150 மி.மீ. நீளம், பாக்ஸ் விகிதம் 16-க்கு 1 (வீல் 16 டிகிரி திரும்பினால் இந்தக் கை 1 டிகிரி), வீலின் ஆரம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூட்டில் அரை மி.மீ. இடைவெளி விழுந்தால் போதும், விளிம்பில் சுமார் 11 மி.மீ. ஆட்டம் வந்துவிடும். இப்படி நாலு மூட்டு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

[காட்சி: ஒருவர் வீலை ஆட்டுகிறார், இன்னொருவர் அடியில் பார்க்கிறார்]

டயரில் காற்றைச் சரிபார்த்த பிறகு, இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் வீலை இரு பக்கமும் ஆட்டட்டும். இன்னொருவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஷாஃப்டில் இருக்கும் ரப்பர் கப்ளிங்கில் தொடங்கி பாக்ஸ், டிராப் ஆர்ம், ஐட்லர் ஆர்ம் (எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் துணைக் கை), டை ராட் எண்டுகள் (சக்கரத்தைத் திருப்பும் கம்பிகளின் முனை மூட்டுகள்) என்று வரிசையாகப் போங்கள். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் தாமதமாக அசையும் மூட்டுதான் குற்றவாளி. பாக்ஸே சேசிஸில் நகர்ந்தால் போல்ட்டுகளை இறுக்குவதோடு நிற்காமல், சுற்றியுள்ள தகட்டில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐட்லர் ஆர்மை மேலும் கீழும் அழுத்திப் பார்ப்பது முக்கியம். பலர் தவறவிடும் இடம் அது.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக இருக்கும் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தூக்கிய நிலையிலேயே இருக்கட்டும், அப்போதுதான் எடை தாங்கும் பக்கத்துக்கும் கிரீஸ் போகும்.

[காட்சி: டை ராட் எண்ட் மாற்றுதல்]

பழைய டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் ஒரு முனையில் இடது மரை இருக்கும். மூட்டின் கூம்பு வடிவத் தண்டு (டேப்பர்) பிடித்துக்கொண்டு வராவிட்டால், நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அது நுழைந்திருக்கும் கண்ணின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் ஓங்கி ஒரு அடி. திரும்பப் பூட்டும்போது, நட்டு கழலாமல் காக்கும் காட்டர் பின்னின் துளை பொருந்தவில்லை என்று நட்டைத் தளர்த்தக் கூடாது. இன்னும் சற்று இறுக்கி அடுத்த துளைக்குக் கொண்டுபோங்கள். காட்டர் பின் எப்போதும் புதிது.

இப்போதுதான் பாக்ஸ். ஆயில் குறைந்திருந்தால் அந்தக் காரின் மேனுவல் சொல்லும் வகையை நிரப்புங்கள். ஸ்டியரிங் ஷாஃப்டை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அது நகர்ந்தால் வார்ம் (பாக்ஸுக்குள் இருக்கும் திருகுப் பல்) பேரிங் தளர்ந்திருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகு டிராப் ஆர்மிலிருந்து அதோடு இணைந்த கம்பியை (லிங்க்) கழற்றி, வீலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, பாதியில் நிறுத்துங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, திருகாணியை எட்டில் ஒரு பங்கு சுற்றாக உள்ளே திருப்பி, ஒவ்வொரு முறையும் வீலைச் சுற்றிப் பாருங்கள். நடுவில் ஆட்டம் மறைந்த உடனே நிறுத்தி, திருகாணி நகராமல் ஸ்க்ரூடிரைவரால் பிடித்தபடி லாக் நட்டை இறுக்குங்கள்.

பாக்ஸின் உள்ளே பற்கள் நடுவில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டவை. நாம் அதிகம் ஓட்டுவதும் நேராக என்பதால் தேய்வதும் அங்கேதான். வீலைத் திருப்பிய நிலையில் தெரியும் ஆட்டம் இயல்பு. அதைப் போக்குவதாக நினைத்து இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்ட ஸ்டியரிங் திருப்பத்துக்குப் பின் தானாக நேருக்குத் திரும்பாது. வண்டி முன்னைவிட மோசமாக அலையும். டை ராட் எண்டின் தேய்மானத்தைத் திருகாணியால் மறைக்கப் பார்த்தாலும் முடிவு இதேதான். பாக்ஸ் பாழாகும், மூட்டும் அப்படியே இருக்கும்.

[காட்சி: டயரில் சாக்பீஸ் குறி]

லிங்க்கைப் பூட்டி, வண்டியை இறக்கி, சில அடி உருட்டி நிறுத்துங்கள். இரண்டு டயரின் முன்பக்கமும் ஹப் உயரத்தில் குறி வைத்து இடைவெளியை அளங்கள். அந்தக் குறிகள் பின்பக்கம் வரும்வரை முன்னோக்கி உருட்டி மறுபடி அளங்கள். பின் சக்கரம் இழுக்கும் பழைய கார்களில் பொதுவாக முன் அளவு 1.5 முதல் 3 மி.மீ. குறைவாக இருக்கும், உங்கள் மேனுவல் சொல்வதே இறுதி. முன்பக்கம் விரிந்திருந்தால், மூட்டெல்லாம் புதிதானாலும் வண்டி அலையும்.

கடைசியாக, காலியான இடத்தில் மெதுவாக ஒரு வளைவு எடுத்து, கைப்பிடியைத் தளர்த்துங்கள். வீல் தானாக நேருக்கு வர வேண்டும். வராமல் நின்றால், திருகாணியை எட்டில் ஒரு பங்கு சுற்று வெளியே விட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.